முகத்துவாரத்துப் பஞ்சு

லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியை முதன்முதலாக நுண்ணோக்கியில் பார்த்த அன்றே எனக்கு அதைப் பிடித்துப்போய்விட்டது. ஆளைக் கொல்லும் கிருமியைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் பொய் சொன்னால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். மெலிந்த உடம்பு, ஒரே ஒரு வால், அந்த வாலும் பின்னால் இல்லை, முன்னால். வால் முன்னே துடித்து இழுக்க, உடம்பு பின்னாலேயே போகும். மீன்குஞ்சுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனதும் நைனாவிடம் சொன்னேன். எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ஏரியில் மீன் பிடிப்பதுதான் தொழில். வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"முன்னாடி வாலா? அப்போ திரும்பணும்னா இன்னா பண்ணும்?"

எனக்குத் தெரியவில்லை. சென்னைக்குத் திரும்பி என் கைடு மேடத்திடம் கேட்டேன். அவருக்கும் உடனே சொல்ல வரவில்லை. ஆய்வகத்தில் நாலு பேர் நுண்ணோக்கியைச் சுற்றி நின்று, அது எப்படித் திரும்புகிறது என்று அரை நாள் பார்த்தோம். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த அந்த முதல் வருடத்தில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

இந்த ஒட்டுண்ணியால் வருவது கருங்காய்ச்சல். மணல் ஈ கடித்துப் பரவும். மண்ணீரல் வீங்கும், ஆள் இளைத்துக் கறுத்துப் போவான், மருந்து கிடைக்காவிட்டால் இறந்தே போவான். வடக்கே பீகார்ப் பக்கம் உள்ளவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்த நோய். எங்கள் பக்கம் பெயரே கேள்விப்பட்டதில்லை. அம்மாவுக்கு இதுதான் பெரிய குறை.

"நம்மூருல இல்லாத காய்ச்சலுக்கு நீ இன்னாத்துக்கு மருந்து தேடிகினு கீற? இங்க காய்ச்சல்ல போனவன்லாம் அந்த டச்சுக் கல்லறையில கெடக்கிறவன்தான். அவனுக்கு இனிமே மருந்து குடுத்து இன்னா ஆவப்போவுது?"

பேச்சில் அம்மாவை ஜெயிக்க எங்கள் குப்பத்தில் ஆள் இல்லை. நான் நைனாவிடமே சொல்லிப் புரியவைத்தேன். நம் உடம்புக்குள் புகுந்த ஒட்டுண்ணியை நம் செல்கள் சுட்டெரிக்கப் பார்க்கும். அந்தச் சூட்டிலிருந்து தப்பிக்க அதனிடம் ஒரு நொதி இருக்கிறது. அதே வேலையைச் செய்ய நம்மிடமும் ஒரு நொதி இருக்கிறது. இரண்டும் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி, ஆனால் அச்சு அசலாக ஒன்று இல்லை. அதனுடையதை நிறுத்த வேண்டும், நம்முடையதைத் தொடக் கூடாது. அப்படி ஒரு பொருள் கிடைத்தால் மருந்துக்கு முதல் படி.

நைனா மடியில் இருந்த வலையைத் தூக்கிக் காட்டினார். "கண்ணு பாத்து வலை எடுக்கிறதுதான். மடவை மீனு மாட்டணும், பொடி மீனு பூந்து போயிடணும்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. என் முதல் கருத்தரங்கில் வலைக்கண்ணைப் பற்றித்தான் பேசினேன். யார் சொல்லிக்கொடுத்த உதாரணம் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் செடிகொடிகளாகவே சோதித்துக்கொண்டிருந்தார்கள். வேம்பு, மஞ்சள், ஆடாதொடை. எனக்குக் கொஞ்சம் கர்வம் அதிகம். ஏரிக்காரி ஏன் இலை பறிக்க வேண்டும் என்று ஒரு பஞ்சைப் பிடித்தேன். ஏரியில் சிப்பி ஓடுகளின் மேல் ஒட்டி வளரும் ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சு. வலையில் சிக்கினால் கை அரித்து வீங்கும் என்பதால் எங்கள் ஆட்கள் அதைத் திட்டாத நாள் இல்லை. பஞ்சு ஓடி ஒளிய முடியாத உயிர். கடிக்க வருபவனை விஷத்தால்தான் விரட்டும். அந்த விஷத்தில் எனக்கு வேண்டியது இருக்கலாம் என்று நினைத்தேன்.

பொங்கல் லீவில் நைனா ஒரு வாளி கொண்டுவந்தார். அதைக் காயவைத்து, அரைத்து, சாறு இறக்கி, ஒட்டுண்ணியின் நொதியோடு சேர்த்துக் கருவியில் வைத்தேன். நொதி வேலை செய்தால் கருவியில் எண் இறங்கிக்கொண்டே போகும். வேலை நின்றால் எண்ணும் நிற்கும். என் பஞ்சுச் சாற்றில் சில துளி விட்டதும் எண் நின்றது. கருவிதான் கெட்டுவிட்டது என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். திரும்பவும் நின்றது. மூன்றாம் முறையும் நின்றது. சந்தோஷத்தில் மதியச் சாப்பாட்டை மறந்தே போனேன். நான் சாப்பாட்டை மறக்கும் சாதி இல்லை.

ஆனால் அதோடு சாறு தீர்ந்துவிட்டது. நம் நொதியோடு வைத்துப் பார்க்க ஒரு துளி மிச்சமில்லை. அதையும் நிறுத்திவிடுகிறதா, விட்டுவிடுகிறதா என்று தெரியாமல் இது மருந்துக்கான வழியா வெறும் விஷமா என்று எப்படிச் சொல்வது?

சித்திரையில் நைனா இரண்டாவது வாளி கொண்டுவந்தார். அதே நிறம், அதே அரிப்பு, அதே முறை. ஒட்டுண்ணியின் நொதியில் விட்டேன். ஒன்றுமே நடக்காததுபோல எண் இறங்கியது. பத்து முறை பார்த்தேன். பத்து முறையும் இறங்கியது.

மேடம் கோயம்புத்தூர்க்காரர். கோபப்பட மாட்டார், அதுதான் பயமாக இருக்கும். "ஒரு தடவை வந்தா அது விருந்தாளிங்கம்மா. மறுபடியும் வந்தாத்தான் ரிசல்ட்," என்றார். மதிப்பீட்டுக் குழு ஆடி மாத நடுவில் கூடுகிறது. அதற்குள் மறுபடியும் வரவில்லை என்றால் பஞ்சை மூட்டை கட்டிவிட்டு வேறு தலைப்பு எடுக்க வேண்டும். இரண்டு வருட வேலை ஏரியோடு போகும். நான் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அங்கே கண்ணீர் விட்டால் கன்னமெல்லாம் விறைக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆடி பிறந்ததும் மேடம் என் குறிப்பு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இடம், எங்கள் பாடு. இங்கேயும் எங்கள் பாடுதான். அது எங்கேங்கம்மா இருக்கு?"

"ஏரியில மேடம்."

"ஏரி எவ்வளவு பெரிசு! அதில எங்கே?"

சொல்ல ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். வடக்குப் பாடு, ஓடைப் பாடு, முகத்துவாரப் பாடு என்று மூன்று. ஊர்க்காரர்களும் மூன்று செட்டு. யாரும் ஒரே இடத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்கு வடக்கில் வலை போட்ட செட்டு அடுத்த தொழில் நாளில் ஓடைக்குப் போகும், அதற்கடுத்து முகத்துவாரம். முறை இல்லாத நாளில் அடுத்தவன் பாட்டுக்குள் கால்கூட வைக்கக் கூடாது. காலையில் கிளம்பும்போது எந்த வீட்டிலும் இடத்தின் பெயரைச் சொல்வதில்லை. எங்க பாட்டுக்குப் போறோம் என்றால் போதும், அது இன்றைக்கு எது என்று எல்லோருக்கும் தெரியும்...

பேசிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அதாவது உங்க பாடு தினமும் இடம் மாறும். நீங்க அதை நோட்டில எழுதி வச்சிருக்கீங்க," என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்கு முதலில் கோபம் சுர்ரென்று ஏறியது. அப்புறம் நானும் சிரித்தேன். பிறந்ததிலிருந்து ஏரியில் கிடந்தவள் செய்யக்கூடிய தவறுதான் இது. வெளியூர்க்காரன் இடத்தின் பெயரைக் கேட்டு எழுதியிருப்பான்.

அன்றைக்கே கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்துப் பொன்னேரியில் இறங்கி, திருப்பாலைவனம் வழியாக வரும் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். சித்திரையில் எடுத்தது வடக்குப் பாடு, அதில் நைனாவுக்குச் சந்தேகம் இல்லை. அப்படியானால் பொங்கலுக்கு எடுத்தது ஓடையா, முகத்துவாரமா?

"ஓடைதான்," என்றார் நைனா. யோசிக்கவே இல்லை.

அவர் ஏன் யோசிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மறுநாள்தான் கடைசித் தொழில் நாள். அதற்கடுத்த நாள் கங்கையம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் பத்து நாள் ஒருவரும் ஏரியில் இறங்கமாட்டார்கள். பத்து நாள் போய்ப் பஞ்சு எடுத்தால் சாறு இறக்கவே நேரம் இருக்காது. மறுநாள் எங்கள் முறை வடக்கில். ஓடை, அம்மாவின் தம்பி இருக்கும் செட்டுக்கு. மாமாவிடம் கேட்டால் ஒரு வாளி என்ன, ஓடையையே அள்ளிக்கொடுப்பார். முகத்துவாரம் சித்தப்பாவின் செட்டுக்கு. சித்தப்பா நைனாவின் ஒன்றுவிட்ட தம்பி. எல்லை தாண்டி வலைக்கழி நட்டார் என்று நைனாவுக்கும் அவருக்கும் சண்டை வந்து ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"ரெண்டு இடத்துலயும் எடுத்துடலாமே நைனா."

"அவன்கிட்ட போயி நான் கேக்க மாட்டேன். ஓடைதான்னு சொல்றேன் இல்ல."

எனக்கும் அவர் கோபம்தான் வாய்த்திருக்கிறது. "எண்ணிப் பாத்துடலாம்," என்றேன்.

வெயில் தாழ்ந்த நேரம். பூவரசு நிழலில் வலைகளுக்கு நடுவே எண்ண உட்கார்ந்தோம். அம்மா தினசரிக் காலண்டரையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். இன்றிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். தொழில் நடக்காத நாள் கணக்கில் சேராது, ஏனென்றால் யாரும் ஏரிக்குப் போகாத நாளில் முறை நகராது. எந்தெந்த நாள் போகவில்லை? அங்கேதான் கச்சேரி ஆரம்பமாயிற்று. புயல் சின்னத்துக்கு இரண்டு நாள் என்றார் மாமா. மூன்று நாள் என்றாள் பக்கத்து வீட்டு அக்கா, அந்த மூன்று நாளும் தன் புருஷன் வீட்டில் உட்கார்ந்து உயிரை வாங்கினதாகச் சத்தியம் செய்தாள். ஊரில் விழுந்த சாவு, தெப்பம், ஏரியில் தண்ணீர் இல்லாமல் திரும்பி வந்த நாள் என்று ஒவ்வொருவரும் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். சிப்பி ஓடுகளை மூன்று வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தேன். சம்பந்தமே இல்லாத பத்துப் பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கருங்காய்ச்சல் என்றால் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கணக்கு மட்டும் தப்பக் கூடாது என்று ஒவ்வொருவரும் துடித்தார்கள்.

கடைசியில் ஒரே ஒரு நாளில் முட்டியது. மாசி மகத்தன்று தொழில் நடந்ததா, இல்லையா? நடந்திருந்தால் பொங்கல் வாளி ஓடையில் எடுத்தது. நடக்கவில்லை என்றால் முகத்துவாரம். ஊர் இரண்டாகப் பிரிந்தது. நைனா ஓடைக் கட்சிக்குத் தலைவராகிக் கத்திக்கொண்டிருந்தார்.

அம்மாதான் என் பக்கம் திரும்பினாள். "அந்த நோட்ல வேற இன்னா எழுதிகீற? நல்லா பாரு."

படித்தேன். "ஆரஞ்சு நிறம். சிப்பி ஓட்டோடு. மாலை நேரம். இடம், எங்கள் பாடு." அடுத்த வரியைப் படிக்கக் கூச்சமாக இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "குறிப்பு. நைனா கோபமாக இருந்தார். வாளியைத் தூக்கிப் போட்டதில் இரண்டு துண்டு மண்ணில் விழுந்தது."

மண் ஒட்டியிருந்தால் சோதனை கெடும் என்றுதான் அதை எழுதினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அடியே, அது சண்டை நாளுடி!"

இருபதடி தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டித் தன் வலையைப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா வாயைத் திறந்தார். திரும்பவில்லை. ஏரியிடம் சொல்வதுபோலச் சொன்னார். "அன்னிக்கு முகத்துவாரம் அவுங்களுது. ஓடை எங்களுது. என் கழிய புடுங்கி எறிஞ்ச நாளு எனக்கு மறக்குமா?"

நைனாவும் ஏரியைப் பார்த்தே பதில் சொன்னார். "எல்லை தாண்டி நட்டா புடுங்காம, அதுக்குப் பூ வெப்பாங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்றைக்கு முகத்துவாரம்தான் என்று நைனா தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாயிற்று. மாசி மகத்தை மறந்த ஊர் சண்டையை மறக்கவில்லை. அந்தச் சண்டை நடந்ததற்காக எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வெட்கமே இல்லாமல் கைதட்டினேன்.

ஆனால் கேட்க வேண்டியது சித்தப்பாவிடம். நைனா எழுந்து போய்விட்டார். நான் போய்ச் சித்தப்பாவின் எதிரில் உட்கார்ந்தேன்.

"இன்னா, படிச்ச பொண்ணு?"

"நாளைக்கு முகத்துவாரம் உங்களுது, சித்தப்பா."

"ஆமா. உங்க நைனா காலு அங்க படக் கூடாது."

"அவரு வரமாட்டாரு."

"நீயும் வரக் கூடாது."

"நானும் வரலை."

"அப்போ பஞ்சு நடந்து வருமா?" என்று முறைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டு வருட வேலையும் அவர் கையில் இருந்த வலை முடிச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு முடிச்சைப் போட்டு இறுக்கியபின், "எவ்ளோ வோணும்?" என்றார்.

"ஒரு வாளி."

"உங்க நைனா தூக்கிப் போட்டாரே, அந்த வாளியா?" என்று கேட்டு அவரே சிரித்தார். ஆரஞ்சு நிறம் மட்டும், சிப்பி ஓட்டோடு, குழாய்த் தண்ணீர் படக் கூடாது, எடுத்ததும் ஐஸில் வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் என்னிடம் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

மறுநாள் உச்சி வெயிலில் ஐஸ் பெட்டியோடு எங்கள் வாசலில் நின்றார். என்னைக் கூப்பிடவில்லை.

"அண்ணா, புடி. கனமா கீது."

ஆறு மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் வார்த்தை. நைனா எழுந்து வந்து இன்னொரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தார். இருவருமாகப் பெட்டியைத் திண்டாடி உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். சித்தப்பாவின் கை இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அந்தக் கழி ரெண்டடி தள்ளிதான் நட்டிருந்தேன் போலகீது," என்றார் சித்தப்பா, ஐஸ் பெட்டியைப் பார்த்து.

"ஒரு அடி இருக்கும்," என்றார் நைனா.

நான் நோட்டை எடுத்து எழுதினேன். இடம், முகத்துவாரப் பாடு. எடுத்தவர், சித்தப்பா. குறிப்பு, நைனா கோபமாக இல்லை.

ரயிலில் பெட்டி ஒழுகி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளின் செருப்பு நனைந்தது. என்ன மீன் என்று கேட்டார். மருந்து என்றேன். வாசனையே சரியில்லையே என்று மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். எனக்கு உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது.

சாறு இறங்கப் பத்து நாள் ஆனது. சோதனை அன்று மேடம் எதையோ தேடுவதுபோல என் பின்னாலேயே குளிர்பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். முதலில் ஒட்டுண்ணியின் நொதி. சாறு விட்டேன். எண் நின்றது. கடைசி இலக்கம் மட்டும் கொஞ்சம் ஆடிவிட்டு அதுவும் நின்றது. என் பின்னால் குளிர்பெட்டியின் சத்தமும் நின்றது.

அடுத்தது நம் நொதி. இதுவும் நின்றுவிட்டால் இது வெறும் விஷம், ஒட்டுண்ணியோடு மனிதனையும் கொல்லும். அதே அளவு சாறு விட்டேன். எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது. ஒன்று ஒன்றாக, நிதானமாக, யாரும் தொடாததுபோல இறங்கிக்கொண்டே போனது. ஒரு எண் இறங்குவதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"இன்னொரு தடவை," என்றார் மேடம். இன்னும் இரண்டு தடவை வைத்தோம். மாறவில்லை. இது மருந்தாவதற்கு இன்னும் எத்தனையோ படி இருக்கிறது, பாதியில் சறுக்கியும் விழலாம் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். இருந்தாலும் மேடம் என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டு, "போங்க, வீட்டுக்குப் போன் பண்ணுங்க," என்றார்.

ஊரில் காப்பு அவிழ்க்கும் நாள். எல்லோரும் கரையில்தான் இருந்தார்கள். நைனா போனை ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் மேளச் சத்தம்.

"நைனா, நின்னுடுச்சு!"

அங்கே ஒரே கூச்சல். "எம் பஞ்சு! எம் பாட்டுப் பஞ்சு!" என்று சித்தப்பாவின் குரல் மேளத்தையும் தாண்டிக் கேட்டது. அம்மா ஏதோ கத்தினாள். யாரோ விசில் அடித்தார்கள்.

"இருங்கடா," என்று நைனா அதட்டினார். சத்தம் அடங்கியது. "அதோடது நின்னுச்சு, சரி. நம்பளுது?"

மதிப்பீட்டுக் குழு என்னிடம் முதலில் கேட்கப்போகும் கேள்வி அதுதான். நைனா அவர்களுக்கு முன்னால் கேட்டுவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, இந்த முறை குளிர் அறையைத் தேடிப் போகவில்லை.

"ஓடுது, நைனா. நம்பளுது நல்லா ஓடுது."

அப்புறம் நைனா போனை விட்டுத் திரும்பிச் சித்தப்பாவிடம் சொன்னது கேட்டது.

"வலைக் கண்ணு சரியா கீதுடா, தம்பி."